கச்சேரி முகப்பில் உட்காரக் கூடாது

என் வயசுக்காரர்களே, உங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் இப்போது என்ன இருக்கிறது? என் மகன் வீட்டில் ஒரு கார், அதன்மேல் படுத்துக்கிடக்கிற ஒரு பூனை, மூலையில் பேரனின் ஒற்றைச் செருப்பு. போன மாசம் மருமகள் அங்கே வெங்காயம் காயப்போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் "அத்தைக்கு எதைக் கண்டாலும் ஒரு கதை" என்பாள். கதைதான். அவளிடம் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடித்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் சின்ன வயசில் ஊருக்கே ஒரு போர்ட்டிகோதான். அந்தப் பெயர்கூட அப்போது வரவில்லை, முகப்பு என்போம். கச்சேரி முகப்பு. கச்சேரி என்றதும் மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். தாசில்தார் உட்கார்ந்து வரி வாங்கி, பட்டா மாற்றி, மிச்ச நேரத்தில் ஊரை அதட்டுகிற ஆபீஸ் அது. சின்னமனூருக்கும் கோம்பைக்கும் இடைப்பட்ட ஊர். பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், விடுங்கள்.

அந்த முகப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தூண்கள். மேலே தட்டையான கூரை, அதன் உத்திரங்களில் புறாக்கள். துரைமார் வருகிற குதிரைவண்டி மழையில் நனையாமல் நேரே உள்ளே வந்து நிற்கும். பிற்பாடு கார் வந்து நின்றது. இறங்கினால் வழவழவென்று தேய்த்த படிகள். வெயில் காலத்தில் அந்தப் படியில் கன்னத்தை வைத்தால் பானைத் தண்ணீர்போல் குளுகுளுவென்று இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் அந்தக் கச்சேரி டவாலியின் மகள்.

மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் கிரீடம் பொறித்த பித்தளை வில்லை. பட்டைக்கும் டவாலி என்றுதான் பேர், போட்டுக்கொண்ட ஆளுக்கும் அதே பேர். கச்சேரிக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா புளி போட்டு அந்த வில்லையைத் துலக்குவாள். அப்பாவுக்கு வேலை முகப்பில் நிற்பது. வண்டிக் கதவைத் திறக்க வேண்டும், குடை பிடிக்க வேண்டும், வருகிற சனங்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். முக்கியமான வேலை இன்னொன்று உண்டு. அந்தப் படியில் யாரையும் உட்கார விடக் கூடாது. பட்டா வாங்க மார்க்கையன்கோட்டையிலிருந்து நடந்து வந்த கிழவனானாலும் வெளியே வேப்பமரத்தடியில்தான் குந்த வேண்டும். அப்பாவும் உட்கார்ந்தது கிடையாது. நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார். ராத்திரி அம்மா அவர் கெண்டைக்காலில் நல்லெண்ணெய் போட்டு நீவிவிடுவாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் எங்கள் ஊருக்கு வந்தால் அந்த முகப்பில் வந்துதான் நிற்கும். கலெக்டர் ஜமாபந்திக்கு வந்தால் அங்கேதான் மாலை. யுத்தத்தில் ஜெயித்தாயிற்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் வரிசையில் கூட்டிக்கொண்டு போய், அந்தப் படியில் நின்று ஆளுக்கொரு சீனி மிட்டாய் கொடுத்தார்கள். ராஜா வாழ்க என்று கத்தினோம். யார் ராஜா, அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. மிட்டாய் நன்றாக இருந்தது.

இப்போது என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. கதர் உடுத்துவார், சின்னமனூர்ச் சந்தையில் வாழைக்காய் ஏலம் எடுப்பார், வாயைத் திறந்தால் சுதந்திரம் என்பார். எனக்கு ஐந்து வயது நடக்கும்போது ஆவணியில் காதுகுத்து என்று நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவது. மாமா சீர் கொண்டுவர வேண்டும், மடி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் குத்தினால் அது காதே இல்லை என்பார்கள். மாமா எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்து வைத்திருப்பதாக அம்மா சொல்லிச் சொல்லி நான் தூக்கத்தில்கூட அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்த வருஷம்தான் வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி நாடெல்லாம் கிளம்பியது. ஆடிக் கடைசியில் ஒருநாள் மாமா தன்னந்தனியாக வந்தார், கச்சேரி முகப்பின் படியில் உட்கார்ந்தார். மறியல் என்றால் அவருக்குத் தெரிந்த மறியல் அவ்வளவுதான். உள்ளேயிருந்து அப்போதைய தாசில்தார், "டவாலி, அவனைக் கிளப்பு!" என்று சத்தம் போட்டார். அப்பா ஒருமுறை எழுந்திருக்கச் சொன்னார். மாமா எழுந்திருக்கவில்லை. அப்பா தோளைப் பிடித்துத் தூக்கித் தள்ளினார். மாமா படியில் முகம் மோத விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது. அப்புறம் போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. மாமா ஜெயிலுக்குப் போனார், ஆவணி வந்தது, காதுகுத்து நின்றது.

ஜெயிலிலிருந்து வந்த பிறகும் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அவர் வீட்டுக்குப் போனால் கதவு திறக்கும், முகம் திறக்காது. அம்மா சும்மா இருக்கிறவளா? ஊரில் ஒரு கதையைப் பரப்பினாள். "போலீசு தடியத் தூக்கிட்டு வர்றதப் பாத்துட்டாக. தம்பி மண்ட ஒடஞ்சிரக் கூடாதேன்னுதான் அவுக மின்கூட்டியே தள்ளி விட்டாக" என்பாள். தண்ணீர்க் குழாயடியில் சொல்வாள், வளையல் செட்டியாரிடம் சொல்வாள், மாமா காதில் விழட்டும் என்று சந்தைக்குப் போகிறவர்கள் ஒருத்தர் விடாமல் பிடித்துச் சொல்வாள். அப்பா அதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அடக்கத்தினால் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

வருஷம் ஐந்து ஓடியது. என் காது அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேரே மூளிக்காதி. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் தன் தொங்கட்டானை ஆட்டி ஆட்டிக் காட்டுவாள். "வேற யாராச்சும் மடி குடுத்தா என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. என் காதுக்காக மட்டும் அவள் அழவில்லை, கூடப்பிறந்தவனுக்காக அழுகிறாள் என்பது அந்த வயசிலும் எனக்குப் புரிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சுதந்திரம் வந்தது. வந்துவிட்டது என்று தந்தி வந்ததும் கச்சேரியில் ஒரே குழப்பம். புதுத் தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், நல்லவர்தான், ஆனால் எதற்கும் பதறுவார். கொடி ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. எப்படி என்று உத்தரவில் இல்லை. அவருக்குத் தெரிந்த விசேஷம் கல்யாணம்தான் போலிருக்கிறது. முகப்புத் தூண்களில் குலைவாழை கட்டச் சொன்னார். மாவிலைத் தோரணம் கட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் ராகுகாலம், அதற்குள் கொடி ஏறிவிட வேண்டும் என்றார். அப்பாவின் வில்லையில் இருந்த கிரீடத்தை என்ன செய்வது என்று ஒருநாள் முழுக்க யோசித்து, "திருப்பிப் போட்டுக்கொள்" என்று முடிவு சொன்னார். அம்மா அத்தனை வருஷமும் புளி போட்டுத் துலக்கியது முன்பக்கத்தைத்தான். பின்பக்கம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. அன்று ராத்திரி அதையும் உட்கார்ந்து துலக்கினாள்.

கொடியை யார் ஏற்றுவது என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். ஊரில் ஜெயிலுக்குப் போனவர் என் மாமா ஒருத்தர்தான். கேட்ட அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தம்பி வருவான்டி. ஒங்கப்பாவப் பாப்பான். பாத்தாப் பேசாமப் போயிருவானா?" என்றாள். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே. மேகமலைப் பக்கம் கருத்துக்கொண்டு நின்றால் சாரல் நாள்கணக்கில் விடாது. புதுக் கொடி, அதுவும் முதல் கொடி, நனைந்தால் அபசகுனம், காற்றில் கிழிந்தால் அதைவிட அபசகுனம் என்று தாசில்தாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அரசாங்க விசேஷம் என்றைக்கும் முகப்பில்தானே நடந்தது என்று பெரிய மனிதர்களும் தலையாட்டினார்கள். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? முகப்புக்கு உள்ளேயே, கூரைக்கு அடியில், மணல் நிரப்பிய தகர டின்னில் மூங்கில் கம்பத்தை நட்டுவிட்டார்கள்! ஊரில் பி.ஏ. படித்தவர்கூட ஒருத்தர் இருந்தார். அவரும் பார்த்துவிட்டு, "ஸ்டிராங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாரலோடு சாரலாக ஊரே வந்து நின்றது. முகப்புக்குள்ளே கோட்டுப் போட்டவர்கள். வெளியே மைதானத்தில் சனங்கள், தலையில் துண்டும் சாக்கும். பெண்கள் சுவரோரம். மாமா வந்தார். கதர்ச் சட்டை, சிரிக்கும்போது முன்பல்லில் ஓட்டை. படியில் அப்பா நின்றார், வில்லையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. மாமா அவரைக் கடந்து ஏறினார், திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா என் கையை நெரித்த நெரிப்பில் எனக்கு விரல் மரத்துப் போயிற்று.

மாமா கயிற்றை இழுத்தார். கொடி சுருட்டினபடி மேலே போய் உத்திரத்தில் முட்டியது. முட்டிய வேகத்தில் புறாக்கள் எல்லாம் சடசடவென்று கிளம்பின. தாசில்தார் தோளில் ஒரு புறா தன் காணிக்கையைச் செலுத்திவிட்டுப் போனது. முடிச்சு அவிழ்ந்து பூ உதிர்ந்தது. ஆனால் உள்ளே காற்று ஏது? கொடி ஈரத்துணி மாதிரி தொங்கியது. கூரை விளிம்பு மறைத்ததால் மைதானத்தில் இருந்த எங்களுக்கு அதுவும் தெரியவில்லை.

"ஏலே, ஏத்தியாச்சா இல்லையா?" என்று ஒருத்தர் கத்தினார்.

"கம்புதான் தெரியுது!"

"நாங்க என்னத்தப் பாத்துக் கும்புடுறது? அங்கன நிக்கிறவுகளுக்கு மட்டுந்தான் சொதந்திரம் வந்துச்சா?"

அந்தக் கடைசிக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஒரு பெண்குரல். மாமா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு கொடியைக் கீழே இறக்கினார்.

"கம்ப வெளிய கொண்டு போகணும்" என்றார்.

"மழையிலா?" என்று தாசில்தார் பதறினார். "பத்தரை ஆகப் போகிறதே!"

மாமா கம்பத்தின் ஒரு முனையைப் பிடித்து அசைத்தார். பச்சை மூங்கில், ஒரு ஆளால் ஆகாது. கோட்டுக்காரர்கள் ஒருத்தரும் நகரவில்லை. யாராவது வரமாட்டார்களா என்று அவர் பார்த்த நேரத்தில் அப்பா படியை விட்டு வந்து மறுமுனையைத் தூக்கினார். மாமா முன்னால், அப்பா பின்னால், வீட்டுக்கு உத்திரம் தூக்குகிறவர்களைப்போல் மைதானத்துக்கு வந்தார்கள். அங்கே குழி தோண்ட நேரமில்லை. அப்பா கம்பத்தை நிமிர்த்தி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாமா கயிற்றை இழுத்தார்.

அப்போது அடித்தது பாருங்கள் காற்று! கொடி படபடவென்று விரிந்தது. கம்பம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட, அப்பாவும் கூடவே ஆடினார், விடவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். கொடி நனைந்தது, எல்லாரும் நனைந்தோம், ஒருத்தர் வாயிலும் அபசகுனம் என்ற பேச்சே இல்லை. நான் குதித்த குதியில் என் சடைநாடா எங்கோ அவிழ்ந்து போயிற்று.

மாமாவைப் பேசச் சொன்னார்கள். என்னவோ தியாகம், தேசம் என்று தொடங்கியவர் நடுவில் நிறுத்தினார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தா, கம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாகளே எங்க மச்சான், இவுக அன்னைக்கு என்னையத் தள்ளுனாகன்னு ஊருக்கே தெரியும். போலீசு அடியிலருந்து என்னையக் காப்பாத்தத்தான் தள்ளுனாகன்னு எங்க அக்கா சொல்லுது. என்ன மச்சான், அதான நெசம்?"

கழுத்தில் போட்டிருந்த தன் மாலையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஒரு ஆமாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாலை அப்பா கழுத்துக்கு வந்துவிடும், என் காதுக்குத் தோடு வந்துவிடும். சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று நான் முணுமுணுத்தேன். அம்மா வேண்டுதலே வைத்துவிட்டாள், வீரபாண்டி அம்மனுக்கு.

"இல்ல மாப்ளே" என்றார் அப்பா.

கம்பத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஒன்னையக் காப்பாத்தன்னு தள்ளல. போலீசு வர்றதே எனக்குத் தெரியாது. எசமான் கெளப்புன்னாக. உத்தியோகம் போயிருமேன்னு பயந்துக்கிட்டுத் தள்ளுனேன். நீ விழுந்ததையும் பாத்தேன், பல்லு ஒடஞ்சதையும் பாத்தேன். பாத்துட்டு, படியிலயே நின்னேன்."

அவர் அழுதாரா, சாரலா என்று எனக்குத் தெரியவில்லை. "பாவி மனுசா, அஞ்சு வருசமாப் பாடுபட்டேனே" என்று அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். அந்த நிமிஷம் அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமா மெதுவாக அவர் பக்கத்தில் வந்தார். "கை கடுக்கலையா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத் தானும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் பேசினார். நாங்கள் ஓடிப்போய் அருகில் நின்றதால் கேட்டது.

"அக்கா சொல்லிவிட்டத நான் ஒரு தடவகூட நம்பல. விழுந்தப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தவன் நான். இன்னைக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, மாலையப் போட்டுட்டு மரியாதையாப் போயிருப்பேன். அதுக்கப்புறம் ஒங்க வாசப்பக்கம் வந்திருக்க மாட்டேன்."

யாரோ நான்கு இளவட்டங்கள் வந்து கம்பத்தை வாங்கிக்கொண்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

"ஆத்தா, இன்னுமா குத்தல?" என்றார்.

"நீ வராம யாருடா குத்துவா?" என்று அம்மா வெடித்தாள்.

"அப்ப இப்பவே குத்துவோம். வாழை கட்டியிருக்கு, தோரணம் கட்டியிருக்கு, ஊரும் வந்திருக்கு. பத்தரே, ஊசி எடுத்துட்டு வாங்க!"

கச்சேரிக்கு எதிர்ச்சாரியில்தான் நகைப் பத்தர் கடை. அவர் கொடி பார்க்க வந்தவர், அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா வெளையாட்டு, ஆடி மாசத்துல காது குத்துவாகளா? சீரு இல்ல, செனத்தி இல்ல" என்றாள் அம்மா.

"அஞ்சு ஆவணிய விட்டாச்சுக்கா. இந்த ஆடிய நான் விடமாட்டேன். சீரு நாளைக்கு வரும். நீ போயித் தோட எடுத்துட்டு வா."

அம்மா லைன் வீட்டுக்கு ஓடினாள். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே முகப்புக்கு நடந்தார். நடுப்படியில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். பத்து வயசுப் பெண், எனக்கு வெட்கமாகப் போயிற்று. உட்கார்ந்தேன், கால் இரண்டும் தரையில் இழுத்தது. சுற்றிலும் ஒரே சிரிப்பு. நனைந்த கதரின் மொடமொடப்பு முதுகில் குத்தியது. பத்தர் ஊசியைத் துடைத்தார். ஒரு பக்கம் குத்தியதும் நான் போட்ட அலறலில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்த புறாக்கள் மறுபடியும் கிளம்பின. என்னைவிட அதிகமாக அழுதது மாமாதான். "வலிக்குதா தங்கம், வலிக்குதா ஆத்தா" என்று என் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினார்.

தாசில்தார் அப்போது உள்ளே போய்க் கோட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் பழக்கதோஷம், உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"டவாலி! யார் அங்கே முகப்பில்? என்ன கூட்டம்?"

மாமா தலையைத் தூக்கினார். பத்தர் கை அப்படியே நின்றது. அப்பா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், கதவுப்பக்கம் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளுகதான் எசமான்" என்று சத்தமாகச் சொன்னார். "உக்காந்திருக்கோம்."

சொல்லிவிட்டு, வந்து மாமாவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டார்.